மாடி யாருக்கு?

வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். மகனுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது, வீடு வேண்டும் என்று சொல்வதற்குள் அவருக்கே முகம் சுண்டிப்போனது. "அதுக்கென்ன அண்ணாச்சி, பாத்துக்கிடுதேன்" என்று டார்லின் காப்பி கொடுத்து அனுப்பினாள். கதவைச் சாத்தியதும், இனி இன்னொரு வாடகை வீடு தேடி அலைவதில்லை என்று முடிவு செய்தாள். ஒத்தைப் பொம்பளைக்கு வீடு கொடுக்க யோசிக்கிறவர்கள் முன்னால் போய் நின்று, குடும்பக் கதையை முதலிலிருந்து சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

டார்லினுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அப்பா வாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, அவர் கண்மூடும்வரை அவரைப் பார்ப்பதிலேயே அவளுடைய கல்யாண வயசு கழிந்தது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. அப்பா நடமாட்டமாக இருந்த காலத்தில் சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு மனை வாங்கி அவள் பேரிலேயே எழுதிவைத்திருந்தார்.

"மனை கெடக்கு. கட்டுததுக்குத் தம்பி இருக்கான். ஒனக்கு என்ன கவலை?" என்றுதான் வேதக்கோயிலில் எல்லாரும் கேட்டார்கள்.

தம்பி எபி கட்டட காண்டிராக்டர். பெருமாள்புரத்திலும் மகராஜநகரிலும் அவன் கட்டிய வீடுகளை வழியில் கைநீட்டிக் காட்டிக்கொண்டே வண்டி ஓட்டுவான். அவனும் பெண்டாட்டி ஸ்வீட்லினும் இரண்டு பிள்ளைகளும் குடியிருப்பது மட்டும் சமாதானபுரத்தில் ஒரு வாடகை வீட்டில்.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே எபி வந்துவிட்டான். "நானே எப்ப ஆரம்பிப்போம்னு இருந்தேன்க்கா. நீ லோனுக்கு மட்டும் எழுதிக் கொடு. மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்றான். அவன் சந்தோஷத்தைப் பார்த்ததும் டார்லினுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாக்கியவதி டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். டீச்சர் ரிட்டயராகிப் பல வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போவதாகவும், வீட்டை விற்கப்போவதாகவும் சொன்னாள். "தெரியாத ஆளுக்குக் குடுக்க மனசில்ல டார்லின். சும்மா வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

சும்மாதான் போனாள். சின்ன வீடு. முன்னால் ஒரு ஹால், இரண்டு அறை, பின்னால் அடுக்களை. தரை சிவப்பு சிமெண்ட். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே கொல்லையில் இருந்தது. சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். நைட் டியூட்டி முடிந்து காலையில் வருகிறவளுக்குப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற வேலை இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் இசக்கித்தாய் என்கிற பெண் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். "டீச்சர் வீட்டுக்கா வந்தீக? உள்ள போங்க, தெறந்துதான் கெடக்கு" என்று, ரொம்ப நாள் பழகியவள்போலச் சொன்னாள். அடுக்களையில் நின்று டீச்சர் காப்பி போடும்வரை டார்லின் அந்த வீட்டில் தன் கட்டிலை எங்கே போடலாம், பீரோவை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

எபியிடம் மறைக்கவில்லை. மறுநாளே கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அவன் சுவரைத் தட்டிப்பார்த்தான், மொட்டைமாடிக்கு ஏறினான், கொல்லையில் போய் எட்டிப்பார்த்தான். டீச்சர் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் கொட்டித் தீர்த்தான்.

"மேல தட்டோடெல்லாம் விரிஞ்சு கெடக்கு. மழை பெஞ்சா உள்ள ஒழுகும். வயரிங் அந்தக் காலத்து வயரிங். இதை வாங்கிச் சரி பண்ணுதத விடப் புதுசாக் கட்டிரலாம்க்கா. பழசுல காசப் போட்டு என்னத்துக்கு?"

அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மைதான்.

இரண்டொரு நாளில் எபி வரைபடத்தோடு வந்தான். சாப்பாட்டு மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து அழுத்தினான். கீழே ஹால், படுக்கையறை, பூஜையறை மாதிரி ஒரு சின்ன ஜெப அறை. ஓரமாகப் படி ஏறி மேலே போனால் இன்னொரு முழு வீடு: மூன்று அறை, அடுக்களை, பால்கனி.

"மாடி யாருக்குலே?" என்று கேட்டாள் டார்லின்.

எபி தலையைச் சொறிந்தான். "நாங்க வந்திருவோம்க்கா. நீ ஒத்தையில எப்படி இருப்ப? அங்கன சுத்தி வயக்காடு. நீ ராத்திரி டியூட்டி முடிச்சு வரும்போது வீட்டுல ஆளு வேண்டாமா? ஸ்வீட்லின் சமைச்சிருவா. பிள்ளைகளும் அத்தை அத்தைன்னு கெடக்கும்."

அவன் சூதாக ஒன்றும் நினைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அக்கா தனியாகக் கிடந்து ஒரு நாள் விழுந்தால் தூக்க ஆளில்லாமல் போகுமே என்று நிஜமாகவே பயப்படுகிறான். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவனுக்குத் தனக்கென்று ஒரு கூரை வேண்டும் என்கிற ஆசையும் அதற்குள் இருந்தது. அதுவும் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தில் தன்னுடைய வீடு எங்கே இருக்கிறது என்று டார்லின் தேடித்தேடிப் பார்த்தாள். தம்பி வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிற அத்தைதான் தெரிந்தாள். அப்பாவைப் பார்த்தது போக, இனி தம்பி குடும்பத்துக்கு நடுவில்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

எபி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் போன் வந்தது. "நாளைக் காலைல அஸ்திவார ஜெபம்க்கா. கோயில் ஐயருக்கு நாளைக்குத்தான் தோது. நானே எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ வந்தாப் போதும்."

"யாரக் கேட்டுலே ஏற்பாடு பண்ணுன?" என்று அவள் கேட்பதற்குள் யாரோ கம்பி லோடு வந்திருப்பதாக அவனைக் கூப்பிட்டார்கள். போன் போய்விட்டது.

விடிந்ததும் போய் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினாள். பஸ் வழியில் பழுதாகி நின்று, வேறு பஸ் பிடித்து வந்துசேருவதற்குள் நேரமாகிவிட்டது. மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் குழி வெட்டியிருந்தது. சபைப் போதகரான ஐயர் அங்கியோடு நின்றார். கோயில் ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வீட்லின் பட்டுச்சேலை கட்டி, எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஐயர் பாட்டு ஆரம்பித்து, வசனம் வாசித்து முடித்தார். "டார்லின், மொதல் கல்லு நீங்க வையுங்கம்மா" என்று கொத்துக்கரண்டியை நீட்டினார்.

அவள் கையில் வாங்கவில்லை.

"ஐயரே, மன்னிச்சுக்கிடுங்க. இந்த வீடு எனக்கு வேண்டாம்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. எபி சிரித்தான். "என்னக்கா சொல்லுத?"

"நான் டீச்சர் வீட்டத்தான் வாங்கப்போறேன். இது அப்பா எனக்குக் குடுத்த மனை. நான் ஒனக்கு எழுதித் தாரேன். நீ கட்டு. கீழயும் மேலயும் ஒனக்குத்தான்."

எபியின் முகம் சிவந்துபோனது. "எனக்குப் பிச்சை போடுதியா? இத்தன பேரு முன்னால வச்சு? நான் ஒனக்காகத்தான இவ்வளவும் செஞ்சேன்?"

"என்னையக் கேக்காமச் செஞ்சலே."

அவன் ஐயர் கையிலிருந்த கரண்டியை வாங்கி மண்ணில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐயர் எதையோ சொல்லி ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துவைத்தார். வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். ஸ்வீட்லின் சட்டியைக் கழுவிக்கொண்டே அழுதாள். "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா மதினி" என்றாள். டார்லின் வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன டம்ளர்களைப் பொறுக்கினாள். சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

லோன் போட்டு டீச்சர் வீட்டை வாங்கினாள். குடிபோகும் ஜெபத்துக்கு ஸ்வீட்லினும் பிள்ளைகளும் வந்தார்கள். எபி வரவில்லை. மனைப் பத்திரத்தை எழுதித் தருகிறேன் என்று டார்லின் ஆள் சொல்லி அனுப்பியதற்கும் பதில் இல்லை. புது வீட்டில் முதல் சில நாள் அவளுக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை. பிறகு வந்தது. லீவு நாளில் யாருக்கும் சமைக்காமல், இசக்கித்தாயிடம் மாவு வாங்கி இரண்டு தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம்வரை படுத்துக்கிடந்தாள். இப்படி இருந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில் பிடிபடவில்லை.

ஐப்பசி மழையில் எபி சொன்னபடியே ஹால் ஒழுகியது. டார்லின் வாளியும் குண்டானும் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்வீட்லின் போன் பண்ணினாள். "மதினி, வீடு ஒழுகுதா?" பின்னால் எபியின் குரல் மெல்லக் கேட்டது. டார்லின் ஆமாம் என்றாள்.

மறுநாள் மழை வெறித்திருந்தது. எபி தன்னிடம் வேலை பார்க்கும் தேவேந்திரன் கொத்தனாரை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, ஒழுகலை அடைக்கிற மருந்து இரண்டு டின்னோடு வந்து இறங்கினான். வாசலில் நின்ற அக்காவைத் தாண்டி நேரே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டான். மேலே அவன் தேவேந்திரனைத் திட்டுகிற சத்தம் பொழுது சாய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து கைகால் கழுவி அடுக்களைக்கு வந்தான். அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

"தை மாசம் அந்த மனையில ஆரம்பிக்கலாம்னு பாக்குதேன்" என்றான். "மாடி வேண்டாம். கீழ மட்டும்."

"நல்லதுலே. பத்திரத்த அதுக்குள்ள எழுதிருவோம்."

"எழுதலாம். ஒரு ரூம் கூடுதலா வச்சிருக்கேன். ஒனக்கில்ல. வாரவுக போறவுகளுக்கு."

டார்லினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

எபி இலையில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். "அடுக்களைய இந்த மூலைல வச்சு, சன்னல ரோட்டுப் பக்கமா வைப்போமான்னு ஒரு யோசனை. நீ என்னக்கா சொல்லுத?"

"ஸ்வீட்லின்கிட்ட கேட்டியா?"

எபி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "இல்ல" என்றான். அப்புறம் இடது கையால் பையிலிருந்து போனை எடுத்தான்.