பெயிண்டர் வீடு

"அவர் வெளியே போகட்டும் மேடம். வீட்ல நானும் பொண்ணும் இருந்துக்கிறோம்."

பஸ்ஸில் வரும்போதே அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அடித்ததைச் சொல், அழுகை வந்தால் நன்றாக அழு, வீட்டை மட்டும் கேட்டுவிடாதே. கட்டியவனைத் தெருவில் நிறுத்தியவள் என்று பேர் வந்தால் அப்புறம் யாரும் மதிக்கமாட்டார்கள். இப்போது மேஜைக்கடியில் தங்கையின் காலை அழுத்தி மிதித்தாள். தங்கை காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் அந்த அறையில் மூன்று நாற்காலிகளுக்குத்தான் இடம். எதிரே இருந்த அதிகாரி இளம்பெண். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. தங்கையின் முன்கையில் கருத்துக் கிடந்த தழும்பைப் பார்த்து, இதுவும் அவர் செய்ததா என்று கேட்டாள்.

"இது ரோலர் சுட்டது மேடம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பெட்ஷீட் தேய்க்கிற மிஷின்." முழங்கையைத் திருப்பி மேலே வீங்கியிருந்த இடத்தைக் காட்டினாள். "அவர் கணக்கு இந்தப் பக்கம். கலந்து எழுதிடாதீங்க, மிஷின் கோவிச்சுக்கும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் அடங்கியது. காப்பகத்தைப் பற்றிச் சொன்னாள். சுத்தமான இடம், சாப்பாடு உண்டு, மகளையும் கூட வைத்துக்கொள்ளலாம். இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் முடிவதே இருட்டிய பிறகுதானே என்று இவள் கேட்டாள். கொஞ்ச நாள் லீவு போட்டுக்கொள்ளலாம் என்றாள் அதிகாரி. எத்தனை நாள் லீவு போட்டால் அவருக்குக் கை நீட்டுகிற பழக்கம் போகும் என்று கேட்டாள் இவள். மகளின் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பின்தெருவில். காப்பகமோ ஊருக்கு அந்தக் கோடியில்.

"இவ பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்க மேடம்," என்று அக்கா குறுக்கே வந்தாள். "வெளியிலதான் உக்காந்திருக்காரு. கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிச்சு விடுங்க, போதும்."

எதற்கும் விலாசம் வேண்டும் என்று அதிகாரி பேனாவைத் திறந்தாள். அதற்கும் அக்காவே முந்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல வந்து பெயிண்டர் வீடுன்னு கேளுங்க. சின்னப் புள்ளகூடக் காட்டும்."

அதிகாரி அப்படியே எழுதினாள்.

"அதை அடிச்சிருங்க மேடம்," என்றாள் தங்கை. "அது பெயிண்டர் வீடு இல்ல. என் வேலைக்கு ஆஸ்பத்திரி எனக்குக் குடுத்த வீடு."

அக்கா வாயைத் திறந்தபடி இருந்தாள். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. கல்யாணமாகி ஏணியும் இரண்டு பிரஷ்ஷுமாக அந்த வீட்டுக்குள் வந்தவன் அவன். அடுத்த வருஷத்துக்குள் தபால்காரர், தண்ணீர் திறந்துவிடுகிறவர், சலவைக்கூடத்து மேஸ்திரி எல்லோருக்கும் அது பெயிண்டர் வீடாகிவிட்டது. சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்குப் போனில் தங்கையே அப்படித்தான் வழி சொல்வாள்.

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு, குவார்ட்டர்ஸ் எண்ணையும் அவள் பெயரையும் எழுதினாள். பிறகு வேறு குரலில் பேசினாள். அரசாங்கம் புதிதாகப் பத்து வருஷத் திட்டம் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் பேசுவது, வேலையிடங்களில் ஆண்களிடம் பேசுவது, அடி விழுவதற்கு முன்னாலேயே தடுப்பது. அடித்தவர்தான் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் அப்படி உத்தரவு போட முடியும். ஆனால் இந்த மேஜைக்கு வந்து இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தானாக எடுத்துச் சொல்லவும் பயம். எத்தனை குடும்பத்தைச் சேர்த்து வைத்தாய் என்றுதான் மேலே இருப்பவர்கள் மாதாமாதம் கேட்கிறார்கள்.

"பத்து வருஷத் திட்டம் நல்லதுதான் மேடம். என் பொண்ணுக்கு ஆகும். எனக்கு இன்னைக்கு ராத்திரி இருக்கே."

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, மாஜிஸ்ட்ரேட் இன்று மத்தியானம் உட்காருகிறார், கோர்ட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் என்றாள். மனு இப்போதே எழுதலாம். வீடு வரைக்கும் கூட வர ஒரு பெண் போலீஸைக் கேட்கலாம். ஆனால் அவனையும் கூப்பிடுவார்கள். அவனை வைத்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

"அங்க வந்து பேச்சு மாறக் கூடாதும்மா."

"மாறாது."

பேனா வேகமாக ஓடத் தொடங்கியது.

"பெரிய மகாராணி," என்று அக்கா முணுமுணுத்தாள். "அம்மா மட்டும் இருந்திருந்தா..."

"இருந்த வரைக்கும் அடி வாங்கிட்டுத்தானே இருந்தா."

அக்காவின் கால் விலகியது. அவள் பழக்கத்தில் தங்கையின் சட்டைக் கையை இழுத்து வீக்கத்தை மூடினாள். தங்கை அதை மறுபடி மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள். மனுவை ஒருமுறை முழுக்கப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், எழுந்தாள்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு பை. ஒருத்தி பிளாஸ்டிக் வாளிக்குள் பள்ளிப் புத்தகங்களை அடுக்கி, மேலே தலையணையைத் திணித்துக் கட்டியிருந்தாள். எதிர்ச் சுவரோரம் ஆண்கள் வெறுங்கையோடு இருந்தார்கள். நேற்று அவள் தேய்த்துவைத்த சட்டையில், வீட்டுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

அவள் உட்காரவில்லை. அந்தப் பைகளில் ஒன்றும் மிதிபடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் தாழ்வாரத்தைக் கடந்து, வெயிலில் இறங்கி கோர்ட்டைப் பார்த்து நடந்தாள்.