நான்காம் பகுதி சக்திவேலிடம் இல்லை

1

இது துண்டறிக்கையாகத் தொடங்கியது. மயிலாப்பூரில் ஒரு பரிசோதனை நிலையத்தார், மூளை அலைப் பரிசோதனைக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை எளிய தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். 'வலிக்காது. மின்சாரம் பாய்ச்ச மாட்டார்கள். மூளையில் ஓடுவதைப் பதிவு மட்டும் செய்வார்கள். முந்தின இரவு தூங்காமல் வாருங்கள். தலையில் எண்ணெய் வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.' இவ்வளவு எழுதிவிட்டு, ஒரு பரிசோதனையை அனுமதி கேட்டு நேரில் பார்க்கப் போனேன். போயிருக்க வேண்டாம்.

2

'சக்திவேல் பயந்த முகத்துடன் உள்ளே வந்தார்' என்று முதலில் எழுதினேன். பொய். சிரித்துக்கொண்டுதான் வந்தார். அடையாறில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பேச்சின் நடுவே உறைந்துபோகிறார் என்று மனைவி செண்பகம் இழுத்து வந்திருந்தார்.

"ராத்திரி தூங்காம இருந்தீங்களா?" என்று கேட்டார் டெக்னீஷியன் ஜெயஸ்ரீ.

"கண்ணு மூடல. இவதான் என் மூஞ்சில தண்ணி தெளிச்சிக்கினே இருந்தா."

"எப்படி வந்தீங்க? ஆட்டோவா?"

"எதுக்கு ஆட்டோ? புள்ளைங்கள ஸ்கூல்ல எறக்கி உட்டு, அதே வேன்லதான்."

ஜெயஸ்ரீயின் கை ஒயர் ஒட்டும் பசைக் கிண்ணத்திலேயே நின்றது.*

* தூங்காமல் வா என்றால், தூங்காமல் வேலைக்கும் போய்விட்டு வா என்று சக்திவேல் எடுத்துக்கொண்டார். துண்டறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: 'வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.'

3

தலை முழுக்க ஒயர்களை ஒட்டினார்கள்.

"இன்னாம்மா கோந்து இது. என்னைப் பட்டமா உடப் போறியா?"

"சும்மா படு மாமா. வாயி ஓயாதா உனக்கு?" என்றார் செண்பகம்.

கண்ணெதிரே விளக்கு மின்னி அணைந்தது. மூச்சை வேகமாக இழுத்துவிடச் சொன்னார்கள். இங்கே அச்சத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அச்சம் அப்போது அறைக்குள் வரவில்லை. அசையாமல் இருக்கச் சொல்லியும் சக்திவேல் பேசினார்.

"ஒரு வாண்டு தெனம் முன்சீட்டுக்கு சண்ட போடும். நான் இன்னா சொல்வேன்னா, டேய், உங்கப்பன் வந்து

5

கேட்டாலும் தர மாட்டேன்னு. அதுவே சிரிச்சிடும்."

நான்கைத் தேடாதீர்கள். அச்சுப் பிழை அல்ல. சக்திவேலிடம் அது இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்த வாக்கியம் உடையவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் பார்த்தது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

[வாய் நின்றது. கண் திறந்தே இருந்தது. ஜெயஸ்ரீ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரையில் கோடுகள் எழும்பி எழும்பி விழுந்தன. அவருடைய இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே உயர்ந்து, இல்லாத ஒன்றைப் பிடித்து, மெதுவாக இடப்பக்கம் வளைத்தன. வலது கால் அழுத்தியது.]

"இன்னா, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"எங்க போன மாமா?"

"எங்க போறது? இங்கதான படுத்துக்கினு கீறேன்."

"கால அழுத்துனியே. பிரேக்கா, இன்னொண்ணா?"

"எந்தக் கால?" என்றார் சக்திவேல்.

6

"ரிப்போர்ட்ட டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு. அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க," என்றார் ஜெயஸ்ரீ.

சக்திவேல் தலையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "மூணு மணிக்குப் புள்ளைங்க ஸ்கூல் கேட்டாண்ட வந்து நிக்கும். நான் போவலன்னா ஓனரு வேற ஆள வெச்சிடுவான். அப்பறம் நம்ப பசங்களுக்கு சோறு?" மனைவியிடம் கையை நீட்டினார். படுக்கும்போது கழற்றிக் கொடுத்த வேன் சாவி செண்பகத்திடம் இருந்தது.

ஒரு முடிவு: செண்பகம் சாவியைத் தரவில்லை. அந்த வீட்டில் அடுப்பு

இன்னொரு முடிவு: தருகிறார். வேன் நிறையப் பிள்ளைகள். பாலத்தில் ஏறும்போது

இரண்டையும் முடிக்க என்னால் ஆகவில்லை. செண்பகம் சாவியை மூடிப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதறவங்களாமே. இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

பதில் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, அவர்கள் இருவரும் அங்கே இல்லை. என்ன சொன்னேன் என்பது என்னிடம் இல்லை.

நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன சொன்னேன்?