அரக்கு நிறப் பெல்ட்

வாளி விழுந்த சத்தத்தில் அகல்யா துள்ளி விலகினாள். தண்ணீர் சாயப்பட்டறைத் தரையெங்கும் ஓடியது.

"இன்னாடி ஆச்சு?" என்று கேட்டபடி பட்டறைக்காரி துர்கா சாய அண்டாவின் பக்கமிருந்து வந்தாள்.

"அறுந்துடுச்சிக்கா. அரை வாளி தண்ணிதான் மொண்டேன்."

வாளியின் கைப்பிடி நேற்றே போய்விட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு நாடாத் துண்டை எடுத்து அகல்யா கைப்பிடியாகக் கட்டியிருந்தாள். நல்ல அரக்கு நிறம், இரண்டு விரல் அகலம். பார்த்தால் யானையைக் கட்டலாம் போலிருக்கும். துர்கா அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தாள். பழைய காகிதம் போல அது நடுவில் பிரிந்தது. புளித்த வாடை லேசாக மூக்கில் ஏறியது.

அது ஜெயவேலின் கார் பெல்ட்டிலிருந்து வெட்டிய மிச்சம்.

ஆரணியில் சாயம் போடுகிற எல்லாரும் செய்வதுதான். எந்த நிறம் தோய்த்தாலும் அதில் ஒரு துண்டு எடுத்து ஆணியில் மாட்டி வைப்பார்கள். நெசவுக்காரர் மறுபடி வந்து "போன தடவ போட்ட அதே கலர்" என்றால் சுவரைப் பார்த்துப் போட்டுவிடலாம். துர்காவின் சுவரில் மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வெங்காயத் தோல் என்று பட்டுக் குஞ்சங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவில்தான் இந்தத் துண்டும் தொங்கியது.

ஜெயவேல் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய காண்டெஸா கார் ஒன்றை வாங்கி, துரு சுரண்டி, அரக்கு வண்ணம் அடித்து, சீட்டுக்கெல்லாம் அதே நிறத்தில் உறை தைத்து ஓட வைத்திருந்தார். அதில் ஏற அவர் மனைவி லீலா மட்டும் மறுத்தாள். ஒரு வேன் விபத்தில் கண்ணாடியில் மோதி நெற்றியில் தையல் போட்டவள் அவள். அதன்பிறகு பஸ்தான், அதுவும் பின் சீட்டுதான். "பெல்ட்டு கட்டினா வரேன்" என்று ஒருநாள் இறங்கி வந்தாள். ஆனால் காரிலிருந்த பெல்ட்டுகள் வெயிலில் வெளுத்து, கழுவிப் போட்ட செங்கல் மாதிரி இருந்தன. "இதப் பாத்தாலே நம்பிக்க வரலியே" என்றாள். அதனால்தான் ஜெயவேல் அவற்றைக் கழற்றி துர்காவிடம் கொண்டு வந்தார்.

துர்கா அவற்றையும் பட்டு மாதிரியே நினைத்துக்கொண்டாள். பட்டுக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். ஆசிட் ஊற்றிக் கொதிக்க வைத்தாள். நிறம் சரியாக ஏறாததால் இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி கொதிக்க வைத்தாள். பிறகு பட்டை அலசுவதுபோல அலசி நிழலில் போட்டாள். பட்டு நூல் கட்டான சிட்டம் தளர்வாய்ப் பிரிந்து கிடக்கும், தண்ணீர் உள்ளே புகுந்து ஆசிட்டை இழுத்து வந்துவிடும். நாலு மடிப்பு கெட்டியாய் நெய்த நைலான் அப்படி விடாது. ஆசிட் உள்ளேயே தங்கி, காயக் காய நூலைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. இது இப்போது, இந்தக் கிழிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்குப் புரிகிறது.

வாங்கிப் போக வந்த அன்று லீலா பெல்ட்டைத் தடவிப் பார்த்தாள். "புடிச்சிக்குமா துர்கா?" என்று கேட்டாள்.

"புடிச்சிக்கும்கா. பயப்படாம போங்க" என்றாள் துர்கா. நிறம் அமைந்துவிட்ட சந்தோஷத்தில் வாயில் வந்த சொல் அது.

இன்று காலையில், ஒரு மணி நேரம் முன்புதான் கார் இந்தத் தெரு வழியாகத் திருவண்ணாமலைக்குப் போனது. ஜெயவேல் ஆரன் அடித்தார். முன் சீட்டில் லீலா, மார்பின் குறுக்கே போட்ட பெல்ட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள்.

துர்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஜெயவேலுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார், அது லீலாவின் உத்தரவு. லீலாவின் போன் அணைந்து கிடந்தது.

துர்காவின் கணவன் அன்புச்செல்வன் உள்ளேயிருந்து வந்தான். விஷயம் கேட்டதும் முகம் சுண்டியது.

"ஏன் பேஜார் ஆவுற? அவரு மாட்டு வண்டி மாதிரிதான் ஓட்டுவாரு. சாமி கும்பிட்டு வந்துடட்டும். அப்புறமா ஏதாவது சொல்லி வேற பெல்ட்டு போட்டுக் குடுத்துடலாம்."

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது. நீ போன் பண்ணி ஊரக் கூட்டினா, நாளைக்கு எவன் நம்மகிட்ட பட்டு குடுப்பான்? துர்கா போட்ட சாயத்துல நூலு இத்துப்போவுதுன்னுதான் பேசுவான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பட்டறைக்கு நல்ல பெயர்தான் சோறு. அண்ணாமலையாரே, என்று துர்கா மனசுக்குள் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் லீலாவின் நெற்றித் தழும்புதான் கண்ணுக்குள் வந்தது.

"பேரு போனா போவட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனை எடுத்தாள்.

திருவண்ணாமலை போகிற வழியில், கலசப்பாக்கம் பக்கத்தில் ரோட்டோரம் ரங்கம்மாள் இளநீர் விற்கிறாள். முன்பு இதே பட்டறையில் பட்டு அலசியவள். காய்ச்சலில் கிடந்தபோது துர்கா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதை துர்கா மறந்தே போயிருந்தாள், ரங்கம்மாள் மறக்கவில்லை.

"ரங்கம்மாக்கா, ஒரு அரக்கு கலர் காரு வரும். பழைய காரு, நீட்டமா இருக்கும். எப்படியாச்சும் நிறுத்துங்க."

"எதுக்கு?"

"பெரிய ஆபத்துக்கா..."

"சரி சரி, அழுவாத. எதுக்குன்னு அப்புறம் சொல்லு. போன வெச்சிடாத, இங்கயே கெடக்கட்டும்."

போனில் ரோட்டுச் சத்தம் கேட்டது. லாரி ஒன்று இரைந்து போனது. யாரோ இளநீர் விலை கேட்டார்கள். "வியாபாரம் இல்ல, போ நைனா" என்றாள் ரங்கம்மாள். பிறகு அவள் குரல் தூரப் போய்விட்டது.

அப்போதுதான் துர்காவின் மனசில் அது இடியாய் இறங்கியது. குறுக்கே ஆள் வந்து நின்றால் ஜெயவேல் என்ன செய்வார்? சடாரென்று பிரேக் அழுத்துவார். பெல்ட்டுக்கு வேலையே அப்போதுதானே. தான் தடுக்க நினைத்ததைத் தானே வரவழைத்துவிட்டோமா?

"அக்கா! ரங்கம்மாக்கா! குறுக்க நிக்காதீங்க!" என்று போனில் கத்தினாள். யாரும் கேட்கவில்லை. அகல்யா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்டாவில் சாயம் தளதளவென்று கொதித்தது.

போனில் நீளமாய் ஒரு ஆரன். சக்கரம் தார் ரோட்டில் தேய்கிற கீச்சொலி. ஒரு பெண்ணின் அலறல். பிறகு தொடர்பு அறுந்தது.

துர்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்புச்செல்வன் அவள் கையிலிருந்த போனை வாங்கித் திரும்பத் திரும்ப அடித்தான். தெருவில் எங்கோ தறி அடிக்கிற ஓசை எதுவும் நடக்காதது போல் கேட்டுக்கொண்டிருந்தது. லீலா கேட்டதும் தான் சொன்னதும் துர்காவின் காதில் சுற்றிச் சுற்றி வந்தன. புடிச்சிக்குமா? புடிச்சிக்கும்கா.

போன் அடித்தது. ரங்கம்மாள்.

"இன்னாடி, உயிரு கீதா?" என்று சிரித்தாள் அவள். "போனு கீழ உழுந்து பேட்டரி கழண்டுக்கிச்சு."

"அவங்க... அவங்க எப்படி கீறாங்க?"

"நல்லா கீறாங்க. குறுக்க போயி உழுறதுக்கு நான் இன்னா பைத்தியமா? எளநி மேல போட்டிருந்த செவப்புப் பொடவைய கம்புல கட்டிகினு, தூரத்துலயே ஆட்டினேன். காரு மெதுவாயி மெதுவாயி கிட்ட வந்து நின்னுச்சு. பின்னாடி வந்த பஸ்சுக்காரன்தான் கீச்சின்னு ஒடிச்சி ஒதுங்கினான், திட்டிகினே போறான். இந்தா, அந்தம்மா பேசுறாங்க."

லீலா போனை வாங்கினாள். "துர்கா, வண்டி நிக்கும்போது ஒரு சின்ன குலுக்குதான். அதுக்கே பெல்ட்டு கையோட வந்துடுச்சி. அதப் பாத்துதான் கத்திட்டேன்."

"என் தப்புக்கா. பட்டு மாதிரி நெனச்சி ஆசிட்ல போட்டுக் கொதிக்க வெச்சிட்டேன். நீங்க கேட்டப்போ இழுத்துப் பாக்காம சொல்லிட்டேன்."

தூரத்தில் ஜெயவேல் யாரிடமோ கோபமாகப் பேசும் சத்தம் கேட்டது.

"அவரு கத்துறாரு. கத்தட்டும்" என்றாள் லீலா. "நீ சொல்லாம வுட்டிருந்தா அத நம்பியே திரும்பியும் வந்திருப்பேன். நான் இங்கருந்து பஸ்சுல போறேன். அவரு பின்னாடியே காலி வண்டிய உருட்டிகினு வரட்டும். கோயில்ல உன் பேருக்கும் ஒரு அர்ச்சன பண்றேன், போ."

துர்கா போனை வைத்தாள். எழுந்து, கிழிந்த அரக்குத் துண்டுகள் இரண்டையும் பொறுக்கி, குஞ்சங்களின் நடுவில் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"அத ஏன் மறுபடி மாட்டுற? பாக்கிறவன் கேப்பானே" என்றான் அன்புச்செல்வன்.

"கேக்கட்டும். சொல்றேன்."

அண்டாவைக் கிளறும் கம்பை எடுக்கப் போனாள். ஈரக் கையிலிருந்து கம்பு நழுவியது. அன்புச்செல்வன் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வந்து கம்பை எடுத்துக்கொண்டான்.

"நீ போயி உக்காரு" என்றான். "நெருப்பு நான் பாத்துக்கறேன்."