பத்துக்குப் பன்னிரண்டு தியேட்டர்

மூன்று மணிக்கு ஞானதுரை வருகிறார். ஐந்து மணிக்குள் பம்பாய்க்குத் தந்தி போயாக வேண்டும். இப்போது மணி இரண்டேகால். மெஷின் ஓட மறுக்கிறது.

நல்லக்கண்ணு ஏழாவது முறையாகக் கேசட்டை உள்ளே தள்ளினான். கர்ரென்று ஒரு சத்தம். மெஷினின் நெற்றியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நொடி கேசட் வெளியே வந்து விழுந்தது.

அவனுக்கு வியர்த்தது. ஜூலை மாதத் தென்காசியில், மேற்கு ஜன்னல் திறந்திருக்கும்போது, ஒரு மனிதனுக்கு வியர்ப்பது சாதாரண விஷயமல்ல.

அந்த அறை அவனுடைய டைப்பிங் ஆபீஸ். வீட்டின் முன்னறைதான், பத்தடிக்குப் பன்னிரண்டடி. கோர்ட் மனு, பத்திர நகல், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் அடிப்பான். தெருவில் ஒரு டைப்பிங் ஆபீஸ் இருந்தவரை சோறு கிடைத்தது. இந்த எண்பத்து மூன்றில் அதே தெருவில் ஐந்து ஆபீஸ். போன வாரம் பம்பாயிலிருந்து மைத்துனன் பரமசிவன் கடிதம் போட்டிருந்தான். கம்பெனியில் ஒரு கிளார்க் வேலை காலி. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் தந்தி அடித்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறொருவனுக்கு.

அவன் மனைவி ஆவுடைத்தாய் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். இந்த ஊரில் பிழைக்க ஒரு வழி பாக்கி இருந்தால் அதைப் பார்த்துவிடலாம், இல்லையென்றால் பெட்டி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வழிதான் ஞானதுரை. குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். சீசனில் ரூம் கிடைக்காது. ஆனால் அருவியில் வெள்ளம் வந்து போலீஸ் குளிக்கத் தடை போட்டால், மறுநாள் காலை லாட்ஜ் காலி. வந்தவர்களைப் பிடித்து உட்கார வைக்க அவருக்கு ஏதாவது வேண்டும். வீடியோ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் லாட்ஜில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆபீஸ் ரூம். அதுவும் பத்துக்குப் பன்னிரண்டு. அந்தப் பொந்துக்குள் எவன் உட்கார்ந்து படம் பார்ப்பான் என்று அவருக்குச் சந்தேகம். அதே அளவு அறையில் தியேட்டர் வைத்துக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று நல்லக்கண்ணு சவால் விட்டிருந்தான்.

டிவியும் வீடியோ மெஷினும் கடையநல்லூர் அகமது கபீருடையவை. சவூதியிலிருந்து லீவில் வந்தவர். பத்து நாளில் திரும்பிப் போகிறார். வீடியோத் தொழிலை நம்பி ஒப்படைக்க ஒரு கூட்டாளி தேடிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாகத் தன் பேப்பர்களைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தவனை நம்பினார்.

மிச்சமெல்லாம் கணவனும் மனைவியும் கைவேலையாகச் செய்தது. டிவிக்குள் இருந்த ஸ்பீக்கர் கொசு மாதிரி கத்தியது. ரேடியோ கடையில் கிடந்த இரண்டு பழைய ஸ்பீக்கர்களை வாங்கி, இரண்டு மண்பானைகளின் வாயில் கவிழ்த்துக் கட்டினான் நல்லக்கண்ணு. சத்தம் தியேட்டர் மாதிரி திம்மென்று இறங்கியது. ஒரு பானை மட்டும் அளவுக்கு மீறி உறுமியது. ஆவுடைத்தாய் அதற்குள் இரண்டு கை மணல் போட்டு அடக்கினாள். சுவரில் மோதி எதிரொலிக்காமல் இருக்க, பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து சாக்குகளை வாங்கி நான்கு பக்கமும் தொங்கவிட்டார்கள். அறை இருட்டாக வேண்டுமே. ஆபீஸில் மூன்று வருஷமாகத் தேய்ந்து கிடந்த கார்பன் பேப்பர்களை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒட்டினார்கள். முன்னால் ஒரு பெஞ்சு, பின்னால் ஆறு நாற்காலி. நேற்று ராத்திரி வரை மெஷின் அருமையாக ஓடியது.

இன்று காலைதான் இந்தச் சிவப்பு விளக்கு. காலையில் வந்து எட்டிப் பார்த்த கபீர், சவூதியில் நாலு வருஷம் ஓட்டினேன், இந்த விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

நல்லக்கண்ணு யோசித்தான். லாரியில் சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜின் சூடு. இதுவும் சூடுதான். சூட்டுக்குத் தென்காசிக்காரனிடம் ஒரே மருந்துதான் உண்டு, சாரல் காற்று. ஊர் ஊராக ஜனங்கள் பஸ் ஏறி வந்து வாங்குகிற காற்று அவன் ஜன்னலில் சும்மா வருகிறது. மெஷினைத் தூக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தான். காலையிலிருந்து கதவைத் திறந்து போட்டு விசிறிக்கொண்டே இருந்தான். விசிற விசிற விளக்கு பிடிவாதமாக எரிந்தது.

இரண்டரைக்குத் தந்திப் படிவத்தை எடுத்து வைத்து பேனாவைத் திறந்தான்.

ஆவுடைத்தாய் கையில் ஒரு தட்டோடு வந்தாள். வருகிறவருக்குப் பொரிக்கலாம் என்று டப்பாவைத் திறந்திருக்கிறாள். அப்பளம் துணி மாதிரி தொங்கியது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், மெஷினைப் பார்த்து நின்றாள். குனிந்து, கேசட் போகிற வாயின் சின்ன மூடியை விரலால் தடவினாள். விரல் ஈரமாக இருந்தது.

"இதுக்குச் சூடு ஒண்ணும் இல்ல," என்றாள். "நமத்துப் போயிருக்கு."

"மெஷின் எங்கயாவது நமத்துப் போகுமாட்டி?"

"உப்பு நமத்துப் போகுது, தீப்பெட்டி நமத்துப் போகுது, இது மட்டும் என்ன தனிச் சாதியா? காலையில இருந்து சாரலைக் குடிக்கக் குடுத்துட்டு, தாகம் அடங்கலியேன்னு விசிறுதிய."

அவன் பேனாவை மூடினான்.

சாரல் மாதத்தில் அந்த ஊரில் பிள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் மூன்று நாளானாலும் காயாது. பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே தணல் சட்டி வைத்து, மேலே துணியை விரித்துக் காயவைப்பார்கள். ஆவுடைத்தாய் பக்கத்து வீட்டுக் கூடையை இரவல் வாங்கி வந்தாள். தணல் வேண்டாம், புகை ஆகாது என்றாள். கூடைக்குள் மெஷினை வைத்து, ஓரமாக ஒரு நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, மேலே ஜமுக்காளத்தைப் போர்த்தினாள். ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். பிள்ளைத் துணிக்கு ஒரு மணி நேரம், இதற்குத் தெரியாது என்றாள்.

வாசலில் கார் நின்றது. ஞானதுரை கால்மணி முன்னதாகவே வந்துவிட்டார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பெரிய கடிகாரம். உட்காருவதற்கு முன்பே, மூன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கண் அறையைச் சுற்றி வந்து, மூலையில் ஜமுக்காளம் போர்த்திய கூடையில் நின்றது.

"கோழி அடைச்சிருக்கேரா வே?"

ஆவுடைத்தாய்தான் பதில் சொன்னாள்.

"மெஷினு காயுது அண்ணாச்சி. படம் பொறவு. மொதல்ல சத்தத்தைக் கேளுங்க."

விளக்கை அணைத்தாள். கூடை ஓரத்தில் கசிந்த பல்பு வெளிச்சம் தவிர, அறை மை இருட்டானது. கபீரின் டேப் ரெக்கார்டரும் அங்கேதான் இருந்தது. பானைகளைச் சோதிப்பதற்காக நல்லக்கண்ணு போன வெள்ளிக்கிழமை குற்றாலத்துக்குப் போய், மெயின் அருவியின் இரைச்சலைப் பதிவு செய்து வந்திருந்தான். அதன் வயரைப் பானைகளுக்கு மாற்றிச் சொருகினாள்.

பானைகளிலிருந்து அருவி இறங்கியது.

பெஞ்சு அதிர்ந்தது. இருட்டுக்குள் ஞானதுரையின் குரல் மாறிக் கேட்டது.

"இது பொம்பளையள் குளிக்கிற பக்கம் நின்னு எடுத்ததுல்லா."

ஆமாம் என்றான் நல்லக்கண்ணு.

"தண்ணி ஏறிக்கிட்டு வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல அருவிக்கு முன்னால கெட்டியிருக்க ஆர்ச்சைத் தொட்டுரும். கேளும், இந்தா, கல்லு உருளுது."

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவர். எந்தச் சத்தத்துக்கு லாட்ஜ் நிறையும், எந்தச் சத்தத்துக்குக் காலியாகும் என்று காதாலேயே சொல்கிறவர். டேப்பைத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். ஒரு வருஷம் நடுச்சாமத்தில் இந்த மாதிரி கல் உருண்ட சத்தம் கேட்டு, போலீசுக்கு முன்பே ஓடிப்போய் ஆட்களைக் கரையேற்றிய கதையைச் சொன்னார். அதற்கு அடுத்த வருஷக் கதையையும் சொன்னார். மூன்றரை தாண்டியது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நல்லக்கண்ணு பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்று ஐம்பது. ஆவுடைத்தாய் கூடையை நிமிர்த்தினாள். மெஷின் இளஞ்சூடாக இருந்தது. வயர்களை மாட்டினாள். கேசட் உள்ளே போனது. கர்ர்ர்.

சிவப்பு விளக்கு எரியவில்லை.

திரையில் கோடுகள் ஓடின. கோடுகள் விலகி ஒரு வானம் வந்தது. வானத்துக்குக் கீழே இரண்டு பேர் காலைத் தூக்கி மாறி மாறி உதைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு உதையும் பானையிலிருந்து நெஞ்சில் வந்து விழுந்தது. நல்லக்கண்ணு திரையைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் திரும்பி ஞானதுரையின் முகத்தையே பார்த்தான். அந்தக் கண்களில் நீர் வழிந்தது.

"சண்டைப் படத்துக்கு அழுத மொதல் ஆள் நான்தாம் வே," என்றார் துண்டால் துடைத்தபடி. "இது வெங்காயச் சாக்குதான? எங்கன பாத்தாலும் நெடி. லாட்ஜுக்கு வேற சாக்கு வாங்கும்."

லாட்ஜுக்கு என்ற சொல் நல்லக்கண்ணுவின் காதில் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது.

விளக்கைப் போட்டதும் அவர் விவரமாகப் பேசினார். அறை அவருடையது, கரண்ட் அவருடையது. சீசன் முடிகிறவரை தினம் மூன்று காட்சி. கூட்டம் நின்றால் அடுத்த சீசனுக்கும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"எங்க ஊர் அருவிக்கு நூறடி தூரத்துல இந்த மெஷினு. அங்க செவுரே அழும். நீரு மட்டும் வந்தா ஜன்னலைத் திறந்து வச்சு விசிறுவேரு. வீட்டம்மாவும் வரணும்."

நல்லக்கண்ணு மனைவியைப் பார்த்தான். மெஷினைத் தொடுகிற விஷயத்தில் நான் சொல்வதுதான் முடிவு, அதற்குச் சம்மதமானால் வருகிறேன் என்றாள் அவள். சொன்னது ஞானதுரையிடம், பார்த்தது கணவனை. அவன் தலையாட்டினான்.

நாலே முக்காலுக்குத் தந்தி ஆபீஸ் கவுண்டரில் நின்றான். வரவில்லை, இங்கேயே வழி பிறந்தது, நன்றி என்று எழுதி நீட்டினான்.

திங்கட்கிழமை குற்றாலத்தில் விடியற்காலையிலேயே விசில் ஊதிவிட்டார்கள். அருவி மண் நிறத்தில் கொட்டியது. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. லாட்ஜ் மாடிப்படியில் பெட்டிகள் இறங்க ஆரம்பித்தன. மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஏழு பேர், கணக்கை முடிக்க வரிசையில் நின்றது.

ஆபீஸ் ரூமுக்குள் ஆவுடைத்தாய் மெஷினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. ம் என்றாள். நல்லக்கண்ணு பொத்தானை அமுக்கினான்.

முதல் சத்தம் நடைவரை போய் விழுந்தது. வரிசையில் நின்ற மதுரைக்காரர் திரும்பினார். பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார்.

ஏழு பேருக்கு இடம் இருக்குமா என்று கேட்டார்.

"நெருங்கி உக்காருங்க," என்றாள் ஆவுடைத்தாய், பெஞ்சை முன்னால் இழுத்துக்கொண்டே.