இரண்டாவது சத்தம்

கொழுந்தனின் கிளாரினெட் செத்துப்போனது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொன்றது நான்தான். மாடி பால்கனியிலிருந்து சிமெண்ட் தரையில் போட்டேன் என்று சாயங்காலமே கூடத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எந்த வகைக் கொலை என்பதில்தான் தகராறு.

மாமியார் தண்டனையை முதலிலேயே சொல்லிவிட்டார். "கைதவறி விழுந்திருந்தா போகட்டும். ஆத்திரத்துல போட்டிருந்தா மன்னிப்பு கேளு. திட்டம் போட்டுச் செஞ்சிருந்தா புதுசு வாங்கிக் குடுக்கணும்."

புதுசு மட்டும் வரவே கூடாது. ஒன்றரை வருடமாக ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் ஊதுகிறவன் அவன். நான் மத்தியானம் கண்ணயர்வது வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான். புதுசு வந்தால் அதுவும் போச்சு.

ஆனால் கோர்ட்டில் பத்தொன்பது வருடம் கொலைத் தீர்ப்புகளை டைப் அடித்த கை இது. சும்மா விடுவேனா?

"அத்தை, சட்டத்துல எல்லாக் கொலையும் ஒண்ணு கிடையாது. யோசிச்சு வெச்சுச் செஞ்சா பெரிய குற்றம். ஒருத்தர் சீண்டி, அந்தச் சூட்டுலயே செஞ்சுட்டா தண்டனை குறையும். நடுவுல கோபம் தணிய நேரம் இருந்துச்சான்னுதான் பாப்பாங்க. தம்பி ஊதி முடிச்சுட்டு வெளிய போனது மூணு மணி. நான் போட்டது மூணு அஞ்சு."

மாமியார் தலையாட்டினார். கொழுந்தன் மசியவில்லை.

"அண்ணி, கீழ்வீட்டு டெய்லர் ரெண்டு சத்தம் கேட்டாராம். ரெண்டாவது மூணரைக்கு."

டெய்லர் சொன்னது உண்மைதான். முதல் தடவை அந்தச் சனியன் ஒரு கீறலோடு பிழைத்துக்கொண்டது. இறங்கிப் போய் எடுத்து வந்தேன்.

"நடுவுல என்ன பண்ணே?" என்றார் மாமியார்.

"காபி குடிச்சேன்."

"கழுவிக் கவுத்திருந்தது ரெண்டு தம்ளர். இன்னொண்ணு யாரோடது?"

என் ஓர்ப்படி, கிளாரினெட்காரனின் சொந்த மனைவி, சுவரைப் பார்த்தாள். காபி போட்டவள் அவள். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "பால்கனி உயரம் பத்தாதுக்கா, மொட்டைமாடிக்குப் போங்க" என்றவளும் அவளே.

மாமியார் மகனிடம், "நீ போய் அந்த டெய்லரைக் கூட்டிட்டு வா" என்றார். அவன் படியிறங்கும் வரை காத்திருந்தார்.

"ரெண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிச்சுத் திட்டம் போட்டிருக்கீங்க. ஒண்ணரை வருஷமா பக்கத்து ரூம்ல நான் காதைப் பொத்திக்கிட்டுக் கிடக்கேன். என்னையும் ஒரு வார்த்தை கூப்பிடணும்னு தோணலையா?"

அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கொழுந்தன் டெய்லரோடு மேலே வந்தான். மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"கைதவறித்தான் விழுந்திருக்கு. ரெண்டு தடவையும்."