அருவியில் வழுக்கியது

"அருவியில வழுக்கிட்டானாம்மா?"

டாக்டர் இப்படித்தான் கேட்டார். நஸீபா தலையை ஆட்டினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

அது சீசன் நேரம். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர்கள் ஆனி, ஆடியில் எந்தக் காயத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. ஒருத்தருக்கு முழங்கால், ஒருத்தருக்கு மண்டை. பாறையும் பாசியும் சேர்ந்து அவர்களுக்குத் தொழில் கொடுத்துக்கொண்டிருந்தன. நஸீபாவின் அண்ணன் சுஹைப் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். இடது காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் காய்ந்திருந்தது. இரண்டு காதிலும் ஒரே இரைச்சல், அருவியையே தலைக்குள் இறக்கிவிட்ட மாதிரி. டாக்டர் கேட்டது அவன் காதில் விழவில்லை. தங்கை தலையாட்டியதையும் அவன் பார்க்கவில்லை.

ஆட்டோவில் வரும்போதே உம்மா ஹைருன் பீவி அவள் காதைக் கடித்திருந்தாள்.

"ஏட்டி, யாரு கேட்டாலும் விழுந்துட்டான்னு சொல்லு. போலீசு அடிச்சுதுன்னு வாயத் தொறந்தா கேஸாயிரும். கேஸாச்சுன்னா பயணம் போச்சு. அவன்ட்டயும் மூச்சு விடாத, குதிப்பான்."

கடையநல்லூரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வளைகுடாவுக்குக் கிளம்பக் காத்திருக்கும் பையன் இருக்கிற வீட்டில் போலீஸ் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்லுவார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும் என்றுதான், உம்மா வழியில் தென்பட்ட சின்ன கிளினிக்கில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

நடந்தது இதுதான். சுஹைப் குற்றாலத்தில் குளித்துவிட்டு வண்டியில் திரும்பி வந்தான். வழியில் போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்களையெல்லாம் லைசென்ஸைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இவனுடைய லைசென்ஸில் பேரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார் எஸ்.ஐ. சீசன் டூட்டிக்கு வெளியூரிலிருந்து வந்தவர்.

"இறங்குடா. உங்க ஊர்ல தண்ணியே இல்லையா? இங்க என்னத்த நோட்டம் பாக்க வந்த?"

"குளிக்கத்தான் சார். எல்லாரும் குளிக்கத்தான வாராங்க."

எல்லாரும் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் அறை விழுந்தது. இடது காதோடு சேர்த்து. சேதி கேட்டு ஓடி வந்த உம்மாவும் தங்கையும்தான் அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

சாரல் நின்று சீசன் முடிந்தது, எஸ்.ஐ. தன் ஊருக்குப் போனார். சுஹைபின் வலது காது மெல்லத் தெளிந்தது. இடது காது தெளியவே இல்லை. பயணத்துக்கு முந்தின மெடிக்கல் டெஸ்டில் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எதற்காக வாயை மூடிக்கொண்டார்களோ அதுவும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவன் மனு கொடுக்கப்போவதாகச் சொன்னான்.

"மனு குடுத்தா போன காது வந்துருமாலே?" என்று உம்மா அழுதாள்.

"வராதும்மா. அடிச்சது உண்மைன்னு ஒருத்தன் எழுதித் தரட்டும். அது போதும் எனக்கு."

திங்கட்கிழமை மூன்று பேரும் தென்காசிக்குப் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு எழுதிக் கொடுக்கும் வேல்சாமி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

"போலீஸ் மேலயா? தம்பி, இது ஊரெல்லாம் சுத்திட்டு அவங்க மேசைக்கேதான் வந்து நிக்கும். பரவாயில்லயா?"

"நிக்கட்டும் அண்ணாச்சி."

"அப்ப டாக்டர் சீட்டக் குடு. சீட்டு இல்லன்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

வேல்சாமி சீட்டை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "இது மருந்து பேரா, கோழி கிண்டுனதான்னே தெரியலயே" என்று சிரித்துக்கொண்டே மனுவோடு சேர்த்துக் குத்தினார். சுஹைபும் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க நஸீபாவுக்கு மனசு வரவில்லை. தலையாட்டியதையெல்லாம் எந்த டாக்டர் எழுதி வைக்கப்போகிறார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பத்தாவதோடு படிப்பை விட்டவள் அவள். வெளி ஆள் முன்னால் அவளுக்கு நாக்கு எழும்பாது. தலையாட்டுவதுதான் அவளுடைய பேச்சு.

மார்கழி மாதத்தில் போலீஸ் ஆபீஸிலிருந்தே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி ஜெகதீஸ்வரன் கத்தவில்லை, மிரட்டவில்லை. நாற்காலி போடச் சொல்லி டீயும் வரவழைத்தார். அந்த மரியாதையைப் பார்த்து உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலி போட்ட விதத்தில் சுஹைபின் இடது பக்கம் அதிகாரிக்கு நேராக வந்திருந்தது. மேலே மின்விசிறி கடகடத்தது.

"அந்த டாக்டர்ட்டயே கேட்டுட்டேன்" என்றார், சீட்டைத் தடவியபடி. "அருவியில வழுக்கி விழுந்தான், சொன்னது தங்கச்சின்னு எழுதியிருக்காரு. ஏம்மா, தங்கச்சி நீதான?"

நஸீபா தலையாட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் முன்னால் வாயைத் திறந்தாள்.

"போலீசுன்னு சொல்லப் பயந்து அப்பிடிச் சொல்லிட்டோம் சார். அடிச்சதுதான் நெசம்."

"சரிம்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "பயத்துல ஒருக்கா மாத்திச் சொல்லியிருக்க. பயணம் போயிட்ட கோவத்துல இன்னொருக்கா மாத்திச் சொல்லலாம்லா? நான் எத எழுத, நீயே சொல்லு."

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுஹைப் வலது காதைத் திருப்பிக்கொண்டு தங்கைப் பக்கம் சாய்ந்தான்.

"என்ன கேக்காரு? சீட்டுல என்னவாம்?"

அவள் அந்தக் காதில்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்கிற ஒரே காது.

"அன்னைக்கு டாக்டர் கேட்டாரு... அருவியில வழுக்கிட்டானான்னு. நான் ஆமான்னுட்டேன். அது சீட்டுல இருக்கு."

அவன் சாய்ந்தபடியே இருந்தான், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல.

ஜெகதீஸ்வரன் எழுதி முடித்து வாசித்தார். 'மனுதாரர் அருவியில் வழுக்கி விழுந்ததாகத் தெரியவருகிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை.' பிறகு தாளை நஸீபா பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"நீ கையெழுத்துப் போட்டாலும் போதும்மா. போடலைன்னாலும் இதுதான் போகும்."

சுஹைப் எழுந்தான். டீ அப்படியே இருந்தது. தங்கையைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த சீட்டைத்தான் பார்த்தான்.

"ஏலே சுஹைபு..." உம்மா அவனுடைய இடது பக்கமிருந்து கூப்பிட்டாள். அது அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று நஸீபாவுக்குத் தெரியவில்லை. அவன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.