நான்காவது சொத்தைப் பல்

மூத்தவளுக்கு நான்காவது பல்லும் சொத்தை என்று பல் டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு, இரண்டு மகள்களையும் இழுத்துக்கொண்டு நேரே வந்திருந்தேன். கால் கெஞ்சியது.

"ரெண்டு வேளையும் என் கண்ணு முன்னாடிதான் பல்லு விளக்குறா டாக்டர். சின்னவ பேருக்குத் தேய்ச்சிட்டு ஓடிடுவா, அவளுக்கு ஒண்ணுமில்ல. இவ திருட்டுத்தனமா மிட்டாய் தின்னுருக்கா. அவளே ஒத்துக்கிட்டா."

டாக்டரம்மா சின்னவள் வாயையும் திறந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரருக்குப் பல்லு எப்படி?"

அவருக்கு முப்பத்தைந்து வயதிலேயே மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். சோம்பேறித்தனத்தின் பலன் என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரித்து மழுப்புவார்.

"சில பேருக்குப் பல்லு மேல இருக்கிற எனாமல் பிறவியிலேயே பலம் கம்மி. எச்சில்கூட ஆளுக்கு ஆள் மாறும். இதுல பரம்பரைக்கும் பங்கு உண்டும்மா. ஒரே சாப்பாடு, ஒரே பேஸ்ட்டுன்னாலும் ஒருத்திக்கு வரும், இன்னொருத்திக்கு வராது. இவ அப்பாவைக் கொண்டிருக்கா போல. விளக்குறதை விட்டுடாதீங்க. பிள்ளையைத் திட்டுறதை விட்டுடுங்க."

போன மாதம் மூன்றாவது பல் சொத்தையானபோது, மிட்டாய் கொடுத்தது யார் என்று மூத்தவளை மூன்று நாள் விடாமல் துருவினேன். கடைசியில் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளைக் கைகாட்டினாள். நான் சும்மா இருப்பேனா? அந்த வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். மறுநாளே அந்தப் பெண் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அப்போ மிட்டாயே தின்னலையா?"

மூத்தவள் இல்லை என்று தலையாட்டினாள். பல்லை அடைக்க ஊசி போட்டதில் வாய் ஒரு பக்கம் மரத்திருந்தது.

"பின்னே ஏண்டி பொய் சொன்னே?"

"ஒத்துக்கிட்டா விட்டுடுறேன்னு நீதானேம்மா சொன்னே."

"அதுக்கு அவளையா மாட்டிவிடணும்?"

"வேற யாரைச் சொல்றது? எனக்கு ஃபிரெண்டுன்னு இருந்ததே அவ ஒருத்திதான்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பஸ்ஸுக்கு நிற்காமல், மன்னிப்புக் கேட்க அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் திரும்பினேன். சின்னவள் கூடவே வந்தாள். மூத்தவள் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.